பொத்தானை அழுத்துவதற்கு முன்: பல் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சைக் குறைக்கும் வழிகள்

ஒரு நோயாளிக்கு வாய் முழுவதையும் காட்டும் 18 சிறு படங்கள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேகமான ஃபிலிமும் செவ்வகக் கோலிமேட்டரும் உள்ள கிளினிக்கில் எடுத்தால் அவர் உடல் ஏற்பது சுமார் 35 மைக்ரோசீவர்ட். அதே ஃபிலிமை வட்டக் கோனில் எடுக்கும் கிளினிக்கில் அது 171 ஆகிறது. பழைய டி-வேக ஃபிலிமும் வட்டக் கோனும் உள்ள இடத்தில் 388. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லட்லோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் மனித உடலை ஒத்த பொம்மைக்குள் அளவிகளைப் பதித்து அளந்து, 2008இல் வெளியிட்ட எண்கள் இவை.

பல்லும் அதே பல், நோயும் அதே நோய், படத்தின் எண்ணிக்கையும் 18தான். ஆனால் முதல் கிளினிக்குக்கும் மூன்றாவதற்கும் 11 மடங்கு வித்தியாசம். மூன்று இடத்திலும் நோயாளியின் மார்பில் ஈயக் கவசத்தைப் போர்த்தியிருந்தாலும் இந்த வித்தியாசம் போயிருக்காது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஈயக் கவசத்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். கதிர்வீச்சைக் குறைக்கும் பெரிய வேலைகள் எல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

முதலில் இந்த எண்களுக்கு ஒரு நிதானம் தேவை. மண், காற்று, உணவு, வானம் ஆகியவற்றிலிருந்து உலகின் சராசரி மனிதர் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சை இயற்கையாகவே ஏற்கிறார். நாளொன்றுக்கு ஆறரை மைக்ரோசீவர்ட். மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணல் கிடக்கும் கடற்கரையோரத்தில் அது இன்னும் கூடுதல். நல்ல முறையில் எடுத்த ஒரு ஐஓபிஏ படம் சுமார் 2 மைக்ரோசீவர்ட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஏழெட்டு மணி நேரத்துக்குச் சமம். ஓபிஜி ஒன்று 14 முதல் 24 வரை, அதாவது இரண்டு முதல் நான்கு நாள். சிபிசிடி வேறு கணக்கு. பெரியவர்களுக்குச் சிறு பரப்பில் எடுத்தால் சராசரி 84, பெரும் பரப்பில் எடுத்தால் 212. ஆனால் இயந்திரத்துக்கு இயந்திரம், அமைப்புக்கு அமைப்பு 5 முதல் 1,000க்கு மேல் வரை மாறும்.

‘இவ்வளவு குறைவென்றால் ஏன் கவலைப்பட வேண்டும்?’ என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு படத்தால் வரும் ஆபத்து மிக மிகச் சிறியது. ஆனால் அவர் ஒருவர் மட்டும் அல்லர். ஒரு சிறு ஊர் கிளினிக்கில் நாளுக்குப் பத்துப் படம் என்றாலும் ஆண்டுக்கு மூவாயிரம் ஆகிறது. எவ்வளவு குறைந்த அளவுக்கும் அதற்கேற்ற சிறிய ஆபத்து உண்டு என்று கொண்டு நடப்பதே உலகெங்கும் பாதுகாப்பின் அடிப்படை. அதோடு, நாம் கதிரைச் செலுத்தும் இடம் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தைராய்டும் இருக்கும் இடம். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007இல் தன் கணக்கீட்டைத் திருத்தியபோது உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குத் தனி எடை கொடுத்தது. அதன்பின் பல் எக்ஸ்ரேக்கான எண்கள் எல்லாம் முன்பைவிட உயர்ந்தன. குழந்தைகளின் திசுக்கள் இன்னும் மென்மையானவை, அவர்கள் முன்னால் இருக்கும் ஆயுளும் நீளமானது.

எடுக்கத்தான் வேண்டுமா?

எடுக்காத படத்துக்குக் கதிர்வீச்சு பூஜ்யம். இதைவிடப் பெரிய குறைப்பு எதுவும் இல்லை.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாய் எட்டு வயதுப் பையனைக் கூட்டி வந்தார். “டாக்டர், போன வாரம்தான் வேற கிளினிக்ல படம் எடுத்தாங்க, போன்ல இருக்கு, பாக்குறீங்களா?” என்று கேட்டார். “அது தெளிவா இருக்காதும்மா, இங்கயே எடுத்துக்கலாம்” என்றேன், அந்தப் படத்தைப் பார்க்காமலே. எடுத்து முடித்த பிறகுதான் அவர் போனில் இருந்ததைப் பார்த்தேன். என் படத்தைவிட அது தெளிவாக இருந்தது. அந்தக் குழந்தைக்கு நான் கொடுத்த கதிருக்கு எந்தப் பயனும் இல்லை. அன்றிலிருந்து என் கிளினிக்கில் முதல் கேள்வி, “முன்னாடி எங்கயாவது படம் எடுத்திருக்கீங்களா?” என்பதுதான். நீங்களும் உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் இந்தக் கேள்வியை ஒப்படைத்துவிடுங்கள். நோயாளி இன்னொரு மருத்துவரிடம் போகும்போது படத்தைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். படம் நோயாளியுடையது, அதைப் பூட்டி வைத்தால் அடுத்த இடத்தில் அவர் இன்னொரு முறை கதிரை ஏற்க வேண்டியிருக்கும்.

வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, வருகிற எல்லாருக்கும் ஓபிஜி எழுதித் தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதை நான் தவறு என்றே சொல்வேன். முதலில் கண்ணாடியும் எக்ஸ்ப்ளோரரும், பிறகு கேள்வி, அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய படம் என்பதே வரிசை. சொத்தையைத் தேடும் பைட்விங் படங்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் 2012இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, சொத்தையும் இல்லை, சொத்தை வரும் அபாயமும் குறைவு என்ற பெரியவருக்கு 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றது. அபாயம் அதிகமுள்ள பெரியவருக்கு 6 முதல் 18 மாதம். ‘ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும்’ என்ற விதி அதில் எங்கும் இல்லை.

வேர் சிகிச்சையில் படங்கள் தவிர்க்க முடியாதவை: தொடங்குமுன், வேரின் நீளம் அறிய, அடைப்புப் பொருளைப் பொருத்திப் பார்க்க, முடித்த பின். ஆனால் நல்ல ஏபெக்ஸ் லொக்கேட்டர் இருந்தால் நீளத்துக்காகத் திரும்பத் திரும்ப எடுக்கும் படங்கள் குறையும். ஞானப்பல்லுக்கு முதலில் ஓபிஜியே போதும். கீழ்த்தாடை நரம்புக் குழாயின்மேல் வேர் படிந்ததுபோல் அதில் தெரிந்து, அந்தத் தகவல் அறுவையின் போக்கை மாற்றும் என்றால்தான் சிபிசிடி. அப்போதும் அந்தப் பல்லை மட்டும் அடக்கும் சிறு பரப்பைக் கேட்டு எழுதுங்கள். ஸ்கேன் சென்டருக்குத் தரும் சீட்டில் வெறுமனே ‘சிபிசிடி’ என்று எழுதினால் முகம் முழுவதையும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். எந்தப் பல், எந்தக் கேள்வி, எவ்வளவு பரப்பு என்ற மூன்றையும் எழுதுவது உங்கள் கடமை.

வட்டமும் செவ்வகமும்

நம் ஊர் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் கோன் வட்டமானது. அதன் வாய் 6 முதல் 7 சென்டிமீட்டர் விட்டம். 7 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 38 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பெரியவருக்கான ஃபிலிம் 31க்கு 41 மில்லிமீட்டர், அதாவது 13 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. நோயாளியின் கன்னத்தில் விழும் கதிரில் மூன்றில் ஒரு பங்குதான் ஃபிலிமுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் கண்ணுக்குக் கீழும் கழுத்துப் பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் விழுந்து, எந்தப் படமும் தராமல் போகிறது.

கோனின் முனையில் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் திறப்புள்ள செவ்வகக் கோலிமேட்டரை மாட்டினால் பரப்பு 16க்கும் கீழே வந்துவிடும். ஒரே ஒரு துணைக்கருவி, அதுவும் ஒருமுறை வாங்கினால் போதும், கதிர்வீச்சு பாதிக்கும் மேல் குறைகிறது. படமும் தெளிவாகிறது, சிதறல் கதிர் குறைவதால் கருமை மங்கல் விலகி வேர் நுனி நன்றாகத் தெரியும். பல் மருத்துவத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பாதுகாப்பு தரும் வேறு பொருளை நான் கண்டதில்லை.

மருத்துவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்றே ஒன்று: “கோன் கட் ஆகுது சார்.” உண்மைதான். திறப்பு சிறிதானால் குறி தவறும் வாய்ப்பு கூடும். கண்மதிப்பில் குறி வைக்காமல், வளையம் உள்ள ஹோல்டரைப் பயன்படுத்தினால் இது தீரும். வளையத்தில் கோன் பொருந்தி நின்றதும் கதிர், பல், ஃபிலிம் மூன்றும் ஒரு நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. முதல் இரண்டு வாரம் கை பழகும் வரை சற்றுச் சிரமம் இருக்கும். கோலிமேட்டரைக் கழற்றி மேசை அறைக்குள் போட்டுவிடும் மருத்துவர்கள் எல்லாரும் அந்த இரண்டு வாரத்துக்குள் போட்டவர்கள்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் விரலாலேயே ஃபிலிமைப் பிடிக்கச் சொல்லும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அந்த விரல் நேர்க்கதிரில் நிற்கிறது. அதோடு விரல் அசைந்து, ஃபிலிம் வளைந்து, பல் நீண்டோ குறுகியோ தெரிந்து, மறுபடியும் எடுக்க வேண்டி வருகிறது.

ஃபிலிம், ஆர்விஜி, டெவலப்பர்

ஃபிலிம் இன்னும் பயன்படுத்துபவர்களுக்கு: அட்டையில் டி என்று இருந்தால் அந்தப் பெட்டி முடிந்ததும் மறுபடி வாங்காதீர்கள். எஃப்-வேக ஃபிலிம் டி-யைவிடச் சுமார் 60 சதவீதம் குறைந்த கதிரில் அதே படத்தைத் தரும்.

இதைவிட முக்கியமானது இருட்டறை. ஃபிலிம் கழுவுவதற்கு 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம் என்பது பாடப்புத்தக அளவு. 27 டிகிரியில் அது இரண்டரை நிமிடமாகச் சுருங்கிவிடும். சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத இருட்டறையில் டெவலப்பர் 27ஐத் தாண்டி நிற்கும். ஃபிலிம் சட்டென்று கறுத்துவிடும். உதவியாளர் கடிகாரத்தைப் பார்க்காமல், சிவப்பு விளக்கில் தூக்கித் தூக்கிப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்று தோன்றியதும் எடுத்துவிடுவார். இந்தப் பழக்கத்தில் ஒரு பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது. கதிர் தேவைக்கு இரு மடங்கு விழுந்திருந்தாலும், ஃபிலிமைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் படம் பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால் இயந்திரத்தின் நேரம் அதிகமாக வைக்கப்பட்டிருப்பது யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். மறுபக்கம், டெவலப்பர் பழசாகி வலுவிழந்தால் படம் வெளிறும். கரைசலை மாற்றுவதற்குப் பதில் கதிர் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். கெட்டுப்போன கரைசலுக்கு நோயாளியின் உடல் விலை கொடுக்கிறது. தொட்டிகளைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, தேவைப்பட்டால் ஐஸ் போட்டுச் சூட்டைக் குறையுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு டைமரும் வாங்குங்கள். புதுக் கரைசலில் கழுவிய ஒரு நல்ல படத்தை வியூவரின் மூலையில் ஒட்டி வையுங்கள். அன்றாடப் படம் அதைவிட வெளிறத் தொடங்கினால் கரைசலை மாற்றுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

ஆர்விஜி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதி தமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். பிரான்சின் ஃபிரான்சிஸ் மூயென் 1987இல் கொண்டுவந்த கருவியின் பெயரே நம் நாட்டில் எல்லா டிஜிட்டல் சென்சாருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சென்சார் ஃபிலிமைவிடக் குறைந்த கதிரே கேட்கிறது. ஆனால் அதன் வசதியே அதன் சிக்கல். ஃபிலிம் ஒன்று கெட்டால் மறுபடி கழுவ வேண்டுமே என்று கை தயங்கும். சென்சாரில் மூன்று வினாடியில் அடுத்த படம் எடுத்துவிடலாம் என்பதால் தயக்கமே இல்லை. சேமித்த கதிர் அப்படியே செலவாகிவிடுகிறது. இன்னொன்று: கதிர் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும், உடனே தெரியும், கதிர் கூடினால் மென்பொருள் அதைச் சமன்செய்து அழகாகவே காட்டும். பாஸ்பர் தகடுகளில் இது மிக அதிகம். எனவே ஃபிலிம் காலத்து நேரத்தையே அப்படியே வைத்துக்கொண்டு, ‘படம் பிரமாதமா வருதே’ என்று இருந்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றை மெழுகில் பதித்து, அதிக நேரத்தில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து எடுத்துக்கொண்டே வாருங்கள். வேர்க்குழாயின் விளிம்பு மங்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நோயாளியின் கன்னத்துக்கும் எலும்புக்கும் ஈடாக ஓரிரு படி மேலே வாருங்கள். இயந்திரத்தின் கையேடு சொல்லும் எண்ணோடு அதை ஒப்பிட்டு, முன்பல், கடைவாய்ப்பல், மேல், கீழ், பெரியவர், குழந்தை என்று ஒரு பட்டியல் எழுதிப் பொத்தானின் அருகில் ஒட்டுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரியவருக்கான நேரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே போதும். எல்லாருக்கும் ஒரே நேரம் வைத்து எடுக்கும் கிளினிக்கில் அதிக விலை கொடுப்பவர்கள் குழந்தைகள்தான்.

மறுபடி எடுக்கும் படம்

ஒரு படம் கெட்டால் கதிர் இரட்டிப்பு. குமட்டல் உள்ளவருக்கு முதலில் முன்பல் படங்களை எடுத்து நம்பிக்கை வரவைத்துப் பிறகு பின்னால் போங்கள். மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பது பழைய கைவைத்தியம்தான், ஆனால் பலருக்குக் கைகொடுக்கிறது. கோனைக் குறி வைத்து, நேரத்தைச் சரிபார்த்த பிறகே ஃபிலிமை வாய்க்குள் வையுங்கள். வைத்துவிட்டுப் பட்டனைத் தேடினால் நோயாளி துப்பிவிடுவார். கெட்ட படங்களைத் தூக்கிப்போடாமல் மாதம் ஒருமுறை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்பது அப்போது தெரியும்.

யார் எங்கே நிற்பது

கதிர்வீச்சின் ஆபத்தை முதலில் உடலால் அறிந்தவர்களில் பல் மருத்துவர்களும் உண்டு. ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் வாயிலேயே கண்ணாடித் தகடு வைத்து 25 நிமிடம் அசையாமல் இருந்து முதல் பல் படத்தை எடுத்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் குழாயின் வலிமையைச் சரிபார்க்கத் தன் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்ப்பார். அந்தக் கையில் புற்று வந்து, விரல்கள், கை, புயம் என்று ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள். 1928இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பாஸ்டனின் வில்லியம் ரோலின்ஸும் ஒரு பல் மருத்துவர்தான். குழாயை ஈயத்தால் மூடுங்கள், கதிரை வேண்டிய இடத்துக்கு மட்டும் விடுங்கள் என்று 1900களின் தொடக்கத்திலேயே எழுதினார். கினிப் பன்றிகள் கதிரால் இறந்ததையும் 1901இல் காட்டினார். அவர் காலத்தில் அதைக் கேட்டவர்கள் குறைவு.

கெல்ஸின் கையை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படியுங்கள்: மருத்துவரோ உதவியாளரோ ஃபிலிமையோ சென்சாரையோ குழாயையோ ஒருபோதும் கையால் பிடிக்கக் கூடாது. குழந்தையைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் கர்ப்பிணி அல்லாத பெற்றோர் ஒருவர், ஈயக் கவசம் அணிந்து, நேர்க்கதிருக்கு வெளியே நின்று பிடிக்கலாம். ஒரே உதவியாளர் நாள்தோறும் பிடிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

பொத்தானை அழுத்துபவர் நோயாளியிடமிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் திசைக்கு 90 முதல் 135 பாகைக்குள் நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். செங்கல் சுவருக்குப் பின்னால் நிற்க முடிந்தால் மிக நல்லது; பிளைவுட் தடுப்பைச் சுவர் என்று நம்ப வேண்டாம். கதிர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் காத்திருப்போர் நாற்காலி இருக்கக் கூடாது.

கையில் பிடித்து எடுக்கும் சிறு இயந்திரங்கள் இந்த விதியையே தலைகீழாக்குபவை. கதிரைப் பின்னால் சிதறவிடாத கவசத் தட்டும், குழாயைச் சுற்றிப் போதிய தடுப்பும் இல்லாவிட்டால் பிடித்திருப்பவர் கை ஒவ்வொரு படத்திலும் கதிரை ஏற்கும். இணையத்தில் மலிவாக விற்ற அத்தகைய கருவிகள் குறித்து 2012இல் பிரிட்டன் அரசே பல் மருத்துவர்களை எச்சரிக்க வேண்டி வந்தது. விலையைப் பார்த்து வாங்கும் பொருள் இது அன்று.

ஈயக் கவசமும் கர்ப்பிணியும்

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட பரிந்துரையில், பல் எக்ஸ்ரேக்கு வயிற்றுக் கவசமும் தைராய்டு காலரும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று சொன்னது. பலருக்கு இது அதிர்ச்சி. காரணம் எளிது. கதிரைச் சரியாகக் குறுக்கிவிட்டால் வயிற்றுக்குப் போவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. போகிற துளியும் உடலுக்குள்ளேயே சிதறிப் போகிறது, வெளியே போர்த்திய கவசம் அதைத் தடுக்காது. ஓபிஜியிலும் சிபிசிடியிலும் தைராய்டு காலர் கதிரின் வழியில் வந்து படத்தைக் கெடுத்து மறுபடி எடுக்க வைக்கும். ஆனால் அந்தப் பரிந்துரை செவ்வகக் கோலிமேட்டரையும் சரியான தேர்வையும் முன்னிறுத்துகிறது என்பதை மறக்க வேண்டாம். வட்டக் கோனை வைத்துக்கொண்டு காலரை மட்டும் தூக்கிப்போடுவது அதைப் பாதியில் படித்ததற்குச் சமம். உங்களைக் கண்காணிக்கும் அமைப்பு கவசம் கேட்டால் வையுங்கள். நோயாளி கேட்டால் மறுக்காமல் போர்த்துங்கள். மடிக்காமல் தொங்கவிடுங்கள், மடித்தால் உள்ளே வெடிப்பு விழும்.

கர்ப்பிணிகள் பற்றிய பயம்தான் நம் ஊரில் அதிகம் தீங்கு செய்கிறது. கருவுக்குக் குறைபாடு ஏற்படும் என்ற கவலை 50 மில்லிகிரேக்கு மேல்தான் எழுகிறது. ஒரு பல் படத்தால் கருவுக்குப் போவது அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கும் இராது. தள்ளிப்போடக்கூடிய படத்தைத் தள்ளிப்போடுவது சரி. ஆனால் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியை “குழந்தை பொறந்த பிறகு வாம்மா” என்று திருப்பி அனுப்பினால், அந்தச் சீழ்தான் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. தேவையான ஒரு படத்தை எடுத்துச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, சட்டம். இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் அணு ஆற்றல் கதிரியக்கப் பாதுகாப்பு விதிகளின்படி, சிறு பல் எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் அணு ஆற்றல் ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. எலோரா இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை செய்து சான்றை வைத்திருக்க வேண்டும். பழைய இயந்திரம் வாங்கும்போது, விற்பவர் பெயரில் இருந்த அனுமதி தானாக உங்களுக்கு வந்துவிடாது.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் ஒரு ஸ்கேலை எடுத்துப் போய் உங்கள் இயந்திரத்தின் கோன் வாயை அளந்து பாருங்கள். அது வட்டமாக இருந்தால், செவ்வகக் கோலிமேட்டர் ஒன்றுக்கும் அதற்குப் பொருந்தும் வளைய ஹோல்டருக்கும் இன்றே ஆர்டர் சொல்லிவிடுங்கள்.